தனியாக வாழ்ந்து ஆண்டவருக்கு முழு இருதயத்தோடு ஊழியம் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருமணம் அமையாதவர்கள், வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள், துணையை இழந்தவர்கள், பிரிந்து வாழ்கிறவர்கள் என்று தனியாக வாழும் விசுவாசிகள் ஒவ்வொரு சபையிலும் இருக்கிறார்கள். அவர்கள் போதகரிடமும் மூத்தவர்களிடமும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறோம். சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே, சுயாதீன சபைகளில் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. கத்தோலிக்கத் துறவறத்துக்குத் தனி ஒழுங்குகள் உண்டு. அவை இங்கே இல்லை.

பவுல் திருமணமே வேண்டாம் என்கிறாரா?

இல்லை. 1 கொரிந்தியர் 7-ஆம் அதிகாரத்தை முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். கல்யாணம் செய்கிறவர் பாவம் செய்யவில்லை என்று 28-ஆம் வசனத்தில் தெளிவாகச் சொல்கிறார். 9-ஆம் அதிகாரத்தில், பேதுருவும் மற்ற அப்போஸ்தலரும் மனைவியை அழைத்துக்கொண்டு ஊழியத்துக்குப் போனதை அவரே எடுத்துக்காட்டுகிறார். 32 முதல் 35 வரை அவர் சொல்லும் காரணம் ஒன்றே ஒன்று: மணமானவருடைய கவலை இரண்டு பக்கம் இழுபடும், மணமாகாதவர் அந்த இழுபறி இல்லாமல் கர்த்தரைப் பற்றிக்கொண்டிருக்கலாம். உங்களைக் கண்ணியில் சிக்கவைக்க இதைச் சொல்லவில்லை என்றும் சேர்த்துச் சொல்கிறார்.

இதில் பலர் கவனிக்கத் தவறுவது ஒன்று உண்டு. தனியாக இருப்பதாலேயே மனம் தானாக ஒருமுகப்பட்டுவிடாது. அலுவலகம், கைப்பேசி, தம்பி தங்கைகளின் கடன், சபைத் தேர்தல், "எனக்கு மட்டும் ஏன் இப்படி" என்ற கசப்பு, இவற்றில் எது வேண்டுமானாலும் ஒரு குடும்பம் பிடிக்கிற அளவு இடத்தை மனதில் பிடித்துக்கொள்ளும். பிரியாத இருதயத்தை ஒழுங்கு பண்ணித்தான் காப்பாற்ற வேண்டும். நேரம், பணம், வீடு, உறவு பற்றிக் கீழே இவ்வளவு விவரம் சொல்வதற்கு அதுதான் காரணம்.

தனித்து வாழும் வரம் எனக்கு இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அவனவனுக்கு அவனவனுக்குரிய வரம் உண்டு என்று 1 கொரிந்தியர் 7:7 சொல்கிறது. அதன்படி தனித்திருப்பதும் வரம், திருமண வாழ்வும் வரம். ஒன்று மேல், ஒன்று கீழ் என்று பார்க்க அங்கே இடமில்லை. தரிசனமோ குரலோ வந்தாக வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். சில வருடங்கள் நிதானமாகக் கவனித்தால் தெரியும். இச்சையோடு ஓயாமல் போராடிக்கொண்டே இருக்கிறீர்களா, அல்லது போராட்டம் வந்தாலும் அடக்கம் பழகிவருகிறதா? கூடப் படித்தவருடைய கல்யாணப் பத்திரிகை வரும்போது சந்தோஷப்பட முடிகிறதா? உங்கள் ஊழியத்தால் பிறருக்குப் பலன் உண்டா, அதை உங்களைத் தவிர வேறு யாராவது சொல்கிறார்களா?

வாலிபர் முகாமின் கடைசி இரவில், பாட்டு ஓய்வதற்குள் எழுந்து நின்று, "வாழ்நாள் முழுக்கத் திருமணம் செய்ய மாட்டேன்" என்று பொருத்தனை பண்ணுகிறவர்களைப் பார்த்தால் எங்களுக்குப் பயமாக இருக்கிறது. நேர்ந்துகொண்டு செய்யாமற்போவதைவிட நேர்ந்துகொள்ளாமலிருப்பதே நலம் என்று பிரசங்கி 5-ஆம் அதிகாரம் எச்சரிக்கிறது. ஒரு வருடத்தை மட்டும் ஒப்புக்கொடுங்கள். வருடக் கடைசியில் உங்களை நன்றாக அறிந்த ஒரு மூத்தவரோடு உட்கார்ந்து பேசி, அடுத்த வருடத்தை ஒப்புக்கொடுங்கள். இப்படிப் பத்து வருடம் நடந்தவருக்கு அதன்பின் பொருத்தனை தேவைப்படுவதில்லை.

ஊழியம் செய்துகொண்டே திருமணத்துக்காகவும் ஜெபிக்கலாமா?

தாராளமாக ஜெபிக்கலாம். அதில் இரண்டு மனம் எதுவும் இல்லை. "கல்யாணம் ஆனபிறகு ஊழியம் பார்த்துக்கொள்ளலாம்" என்று இன்றைய வருடங்களைத் தள்ளிப்போடுவதுதான் பிரச்சினை.

"மனுஷன் தனிமையாயிருப்பது நல்லதல்ல" என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறாரே?

ஆதியாகமம் 2:18 உண்மை. ஆனால் தனிமைக்கு ஆண்டவர் கொடுக்கும் மருந்து திருமணம் மட்டுமில்லை. தனிமையானவர்களுக்கு வீடுவாசல் ஏற்படுத்துகிறவர் என்று 68-ஆம் சங்கீதம் அவரைப் பாடுகிறது. வீட்டையும் உறவையும் தமக்காக விட்டவர்களுக்கு இம்மையிலேயே வீடுகளும் சகோதரரும் சகோதரிகளும் தாய்மாரும் கிடைப்பார்கள் என்று மாற்கு 10-இல் இயேசு வாக்குக் கொடுக்கிறார். அவர் மணமாகாதவர், ஆனாலும் பன்னிரண்டு பேரோடு வாழ்ந்தார், பெத்தானியாவில் மார்த்தாள், மரியாள், லாசரு வீட்டில் உரிமையோடு சாப்பிட்டார். மணமாகாத வாழ்வு வேறு, ஆளில்லாத வாழ்வு வேறு. இரண்டாவதை யாரும் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

நம் மண்ணில் இப்படி வாழ்ந்து ஊழியம் செய்தவர்கள் உண்டா?

நிறையப் பேர். பாளையங்கோட்டைச் சபையின் தொடக்கத்திலேயே கிளாரிந்தா நிற்கிறார். கணவனை இழந்த பிராமணப் பெண். 1778-இல் ஞானஸ்நானம் பெற்றார். அவர் முன்னின்று கட்டிய ஆலயம் 1785-இல் பிரதிஷ்டையானது; இன்றும் ஊரில் அது பாப்பாத்தி அம்மாள் கோயில்தான். அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரும் மணமாகாதவர். 1750-இல் தரங்கம்பாடியில் இறங்கியவர், 1798-இல் தஞ்சாவூரில் இறக்கும்வரை ஊர் திரும்பவில்லை. திருநெல்வேலியிலிருந்து அவர் அழைத்துப்போய்ப் படிக்கவைத்த சிறுவன்தான் பிற்பாடு கிறிஸ்தவக் கவிஞரான வேதநாயகம் சாஸ்திரியார். தஞ்சை இளவரசர் சரபோஜியும் அவருடைய பராமரிப்பில் வளர்ந்தவர்.

வேலூரில் அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் 1900-இல் ஒற்றைக் கட்டிலோடு மருத்துவம் பார்க்கத் தொடங்கினார். பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918-இல்தான் வந்தது. இடையில் 18 வருடங்கள். முதல் வருடத்திலேயே பெரிய பலனைத் தேடுகிறவர்கள் இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளலாம். அயர்லாந்து மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1895-இல் இந்தியா வந்து, டோனாவூரில் கோயிலுக்கு விடப்பட இருந்த பிள்ளைகளை வளர்த்தார். 1916-இல் அங்கே மணமாகாத பெண்களைக் கொண்டு சகோதரிகளின் ஐக்கியம் ஒன்றை ஏற்படுத்தினார். ஜெபம் ஆவிக்குரியது, பிள்ளை கழுவுவது உலகக் காரியம் என்ற பிரிவினை இருக்கக்கூடாது என்பது அதன் அடிப்படை.

திருப்பத்தூரில் 1921-இல் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கியவர்கள் இரண்டு மருத்துவர்கள்: தமிழரான ஜேசுதாசன், ஸ்காட்லாந்துக்காரரான பாரஸ்டர் பேட்டன். இருவரும் மணமாகாதவர்கள். ஊர் அவர்களைப் பெரியண்ணன், சின்னண்ணன் என்று அழைத்தது. இந்தப் பெயர்களை வரிசையாகப் பார்த்தால் ஒன்று புரியும்: இவர்களில் யாரும் தனி ஆளாக நின்று எதையும் சாதிக்கவில்லை. பிள்ளைகளோ, சகோதரிகளோ, கூட ஒரு மருத்துவரோ, ஏதோ ஒரு வீட்டுக்குள் இருந்தார்கள்.

வேலைக்கும் போகிறேன். வாரத்தில் எவ்வளவு நேரம் ஊழியத்துக்குக் கொடுக்க முடியும்?

கணக்குப் போட்டே பாருங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். தூக்கம் நாளுக்கு 8 வீதம் 56, வேலை 48, போக்குவரத்து 12, சமையல், துவைப்பு, சாப்பாடு 14, தனி ஜெபமும் வேத வாசிப்பும் 7, பெற்றோருக்கும் வீட்டுக் காரியங்களுக்கும் 7. மீதி 24. இதில் ஞாயிறு ஆராதனைக்குப் போய்வர 4 மணி நேரம் எடுங்கள், ஓய்வுக்கும் நண்பர்களுக்கும் 10 விடுங்கள். ஊழியத்துக்கு 10 மணி நேரம் நிற்கும்.

அந்தப் பத்தை ஐந்து இடத்தில் இரண்டிரண்டாகப் பிய்த்துக் கொடுத்தால் ஒன்றும் உருப்படாது. ஒரு முக்கிய ஊழியம், ஒரு துணை ஊழியம், அவ்வளவு போதும். பாடகர் குழு, ஞாயிறு பள்ளி, வாலிபர் ஐக்கியம், வியாழன் ஜெபக்குழு, ஒளிபரப்புக் குழு என்று எல்லாவற்றிலும் பெயர் இருப்பவர் ஆறு மாதத்தில் சோர்ந்து, பிறகு எல்லாவற்றையும் ஒரே நாளில் விடுகிறார். "சற்றே இளைப்பாறும்படி" சீஷரை வனாந்தரமான இடத்துக்கு இயேசு அழைத்ததை மாற்கு 6:31-இல் பாருங்கள். அது சோம்பலுக்கான அனுமதி இல்லை, கட்டளை.

"நீங்க தனியாளுதானே, கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்று சபையில் எல்லா வேலையும் என் தலையில் விழுகிறது. என்ன செய்வது?

குடும்பம் இல்லை என்றால் வேலை இல்லை என்று நினைக்கிறார்கள். சமைக்க, வாடகை கட்ட, கேஸ் சிலிண்டர் பதிய, அம்மாவை மருத்துவரிடம் கூட்டிப்போக உங்களுக்கு இன்னொரு கை கிடையாது என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. கோபப்படாமல், விவரத்தோடு சொல்லுங்கள்: "ஐயா, ஞாயிறு பள்ளிக்கும் புதன் வீடு சந்திப்புக்கும் நான் ஒப்புக்கொண்டிருக்கேன். இதையும் எடுத்தா அது கெடும். எதை விடலாம்னு நீங்களே சொல்லுங்க." முடியாது என்று மட்டும் சொன்னால் மனவருத்தம் வரும். எதை விடுவது என்று கேட்டால் போதகரும் யோசிப்பார். புதிய பொறுப்பை ஒப்புக்கொள்ளும் முன் ஒரு இரவு கேளுங்கள். ஆராதனை முடிந்து வாசலில் நின்றபடி சொல்லும் "சரி" பெரும்பாலும் பிற்பாடு வருந்தவைக்கும்.

எந்த ஊழியத்தில் சேரலாம்?

உங்களால் மட்டும் எளிதாகக் கொடுக்க முடிகிறது எது என்று பாருங்கள். பிள்ளை குட்டி உள்ளவர்களுக்கு இரவும், பயணமும், திடீர் அழைப்பும் கடினம். மே மாதத்தில் பத்து நாள் விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு வேற்று மாநிலம் போவது, விடுதி மாணவர்களுக்கு வாரம் ஒருமுறை சமைத்துப் போட்டு வேதம் படிப்பது, துணைக்கு ஆள் இல்லாத நோயாளியோடு இரவு தங்குவது, இவையெல்லாம் தனியாக இருப்பவரின் கைக்கு எட்டுகிறவை.

மருத்துவமனைச் சந்திப்பை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறோம், ஏனென்றால் நல்ல மனதோடு போய்க் கெடுப்பது இங்கேதான் அதிகம். பார்வையாளர் நேரத்தில், இரண்டு பேராகப் போங்கள். உள்ளே நுழையும்போதும் வெளியே வரும்போதும் கை கழுவுங்கள். கட்டிலில் உட்காராதீர்கள், மெத்தை அசைந்தாலே தையல் போட்ட இடம் வலிக்கும், டிரிப்ஸ் குழாய் இழுபடும். நாற்காலி இருந்தால் முகத்துக்கு நேராகப் போட்டு உட்காருங்கள். முதல் ஐந்து நிமிடம் அவர் பேசட்டும். பிறகு 121-ஆம் சங்கீதம் போதும், எட்டே வசனம். ஜெபம் ஒரு நிமிடம், பக்கத்துக் கட்டில்காரருக்குத் தொந்தரவில்லாத குரலில். அவரும் கேட்டுக்கொண்டால் அவருக்காகவும் ஜெபியுங்கள். கேட்காதவர்மேல் கை வைக்காதீர்கள். எண்ணெய் பூசுவதாக இருந்தால் செவிலியரிடம் கேட்டுவிட்டு, காயத்துக்கும் ஊசி ஏறிய இடத்துக்கும் தள்ளி நெற்றியில் மட்டும். "உங்களுக்கு விசுவாசம் குறைவு", "மாத்திரையை நிறுத்துங்க", "எங்க சித்திக்கும் இதேதான், பிழைக்கலை" ஆகிய மூன்றும் உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது. மொத்தம் 10 முதல் 15 நிமிடம். கிளம்பும்போது, "ராத்திரி கூட இருக்க ஆள் உண்டா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் உங்கள் உண்மையான ஊழியம் அங்கே தொடங்குகிறது.

ஞாயிறு பள்ளி என்றால் பத்துப் பிள்ளைக்கு ஓர் ஆசிரியர். ஐந்து வயதையும் பன்னிரண்டு வயதையும் ஒரே வகுப்பில் உட்காரவைத்தால் இரண்டு பேருக்கும் எதுவும் போய்ச்சேராது. 45 நிமிடத்தில் பாட்டு 5, போன வார மனப்பாட வசனம் 5, கதை 15, கேள்வியும் செய்கையும் 10, புது வசனம் 5, ஜெபம் 5. பாடத்தைத் திங்கட்கிழமையே ஒருமுறை வாசித்துவிடுங்கள். சனி இரவு முதல்முறையாகப் பாடப்புத்தகத்தைத் திறக்கிறவர் ஞாயிறன்று அதைப் பார்த்து வாசித்துத்தான் முடிப்பார்.

வேத வாசிப்புக்கு ஓர் எளிய ஒழுங்கு?

நம் சபைகளின் பழைய வழக்கமே நல்லது: வார நாட்களில் 3 அதிகாரம், ஞாயிறு 5. வாரத்துக்கு 23, வருடத்துக்கு 1196. வேதாகமத்தில் இருப்பது 1189.

வீட்டில் வரன் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். அம்மா அழுகிறார். எப்படிப் பேசுவது?

அம்மாவின் அழுகைக்குள் பெரும்பாலும் மூன்று பயம் இருக்கிறது: எனக்குப் பிறகு உன்னை யார் பார்ப்பார்கள், தங்கைக்கு வரன் தட்டிப்போகுமே, ஊர் என்ன பேசும். வசனம் சொல்லி இந்தப் பயங்களை வாயடைக்க முடியாது. முதல் பயத்துக்குப் பதில் உங்கள் சேமிப்பும் காப்பீடும் நண்பர்களும். அவற்றை அம்மாவிடம் காட்டுங்கள். இரண்டாவதற்கு, "எனக்காகக் காத்திருக்க வேண்டாம், தங்கைக்கு முதலில் பாருங்கள்" என்று உறவினர் முன்னால் நீங்களே சொல்லுங்கள். அதற்குமேல் வாய் குறையும். மூன்றாவது காலப்போக்கில்தான் அடங்கும்.

வீட்டுக்கு வந்த உறவினரை அனுப்பிவிட்டுச் சண்டை போடாதீர்கள். அப்பாவும் அம்மாவும் மட்டும் இருக்கும் ஓர் இரவில், சாப்பாடு முடிந்து, உங்கள் நிலையை ஒருமுறை முழுதாகச் சொல்லுங்கள். திருமணத்துக்கு மனம் திறந்திருக்கிறது என்றால் அதையும், எப்படிப்பட்ட துணை என்பதையும் சொல்லுங்கள். இல்லவே இல்லை என்றால் அரைகுறை நம்பிக்கை கொடுத்து வருடா வருடம் பெண்பார்க்கும் படலத்தை நீட்டாதீர்கள். எதிர்த் தரப்பில் ஒரு பெண்ணோ பையனோ காயப்படுகிறார்.

ஊழியத்தைக் காரணம் காட்டிப் பெற்றோரைக் கைவிடுவதும் நடக்கிறது. கொர்பான் என்று காணிக்கையைச் சொல்லித் தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைத் தவிர்த்தவர்களை இயேசு மாற்கு 7-இல் கடுமையாகக் கண்டித்தார். அதே நேரம், மணமாகாத பிள்ளை என்பதற்காகப் பெற்றோரைப் பார்க்கும் பாரம் முழுவதும் ஒருவர்மேல் சரிவதும் நியாயமில்லை. அண்ணன் தம்பி அக்கா தங்கைகளை உட்காரவைத்து, யார் பணம், யார் மருத்துவமனை, யார் மாதத்தில் எத்தனை நாள் என்று எழுதியே வைத்துக்கொள்ளுங்கள்.

குடும்பத்தில் நான் மட்டும் விசுவாசி. வேறு மதத்து வரனுக்குச் சம்மதிக்கச் சொல்கிறார்கள்.

இது தனியாக நிற்கிறவர்களிலேயே கடினமான இடம். அந்நிய நுகத்தில் பிணைக்கப்படாதிருங்கள் என்ற 2 கொரிந்தியர் 6:14-ஐ நாங்கள் தளர்த்திச் சொல்ல முடியாது. ஆனால் "சம்மதிக்காதே" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிற சபை தன் கடமையைச் செய்யவில்லை. உங்களுக்குத் தாய் தகப்பனாக நிற்க ஒரு குடும்பத்தைப் போதகரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். தேவைப்பட்டால் அவர்கள் வந்து உங்கள் பெற்றோரிடம் மரியாதையோடு பேச வேண்டும். 18 வயது நிறைந்தவரை வற்புறுத்தித் திருமணம் செய்துவைக்கச் சட்டத்தில் இடமில்லை. மிரட்டலோ வீட்டுக்காவலோ இருந்தால் பெண்கள் உதவி எண் 181-ஐ அழைக்கலாம்.

சரீர இச்சையோடு போராட்டம். வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது.

வெட்கப்பட வேண்டிய அவசியம் இல்லை. இச்சையில் வேகிறதைவிட விவாகம் நலம் என்று பவுலே மறைக்காமல் எழுதினார். போராட்டம் இருப்பதால் உங்கள் ஊழியம் பொய் ஆகிவிடாது. மறைத்து வளர்ப்பதுதான் ஆளை விழவைக்கிறது. பெரும்பாலும் விழுகிற நேரம் ஒன்றே: இரவு 10-க்கு மேல், களைப்பு, தனி அறை, கையில் கைப்பேசி. அதை இரவில் சமையலறையில் சார்ஜ் போட்டுவிட்டு, எழுப்புவதற்கு ஒரு சாதாரண அலாரக் கடிகாரம் வாங்குங்கள். ஆண் ஆணிடமும் பெண் பெண்ணிடமும், வாரம் ஒருமுறை, இந்த வாரம் என்ன பார்த்தேன், எங்கே விழுந்தேன், யாரிடம் மறைத்தேன் என்று சொல்லுங்கள். கேட்கிறவர் உங்களைவிட மூத்தவராகவும் வாய் காக்கிறவராகவும் இருக்க வேண்டும். பழக்கம் பல மாதமாக விடவில்லை என்றால் கிறிஸ்தவ மனநல ஆலோசகரிடம் போங்கள். அது விசுவாசக் குறைவில்லை.

எதிர்பாலரோடும் பிள்ளைகளோடும் ஊழியம் செய்யும்போது எந்த எல்லைகள்?

முதிர்ந்த பெண்களைத் தாய்களைப்போலவும் இளம் பெண்களை எல்லாக் கற்போடும் சகோதரிகளைப்போலவும் பாவிக்கச் சொல்கிறது 1 தீமோத்தேயு 5:2. பழக்கத்தில் இதற்கு அர்த்தம்: ஆலோசனை கேட்கும் பெண்ணோடு பெண்ணே பேசட்டும், தவிர்க்க முடியாவிட்டால் கதவு திறந்திருக்கும் அறையில், பார்வைக்கு எட்டும் தூரத்தில் மூன்றாவது ஆள் இருக்கட்டும். இரவு 9-க்குமேல் தனிச் செய்தி வேண்டாம். "ஜெபக்குறிப்பு" என்று தொடங்கும் வாட்ஸ்அப் உரையாடல்கள் பல, மனப்பிணைப்பில் போய் முடிகின்றன. வீடு சந்திப்புக்கு இரண்டிரண்டு பேர். ஆண்டவர் சீஷர்களை அப்படித்தான் அனுப்பினார்.

பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கண்டிப்பு வேண்டும். எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் தனியே இருக்காதீர்கள். கழிவறைக்குக் கூட்டிப்போக இரண்டு ஆசிரியர்கள். பிள்ளை ஏதாவது சொன்னால் சபையின் பெயருக்காக மூடி மறைக்காதீர்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குற்றம் நடந்தது தெரிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். மறைத்தால் ஆறு மாதம்வரை சிறை உண்டு. குழந்தைகள் உதவி எண் 1098. பெண் ஊழியர்களும் தெரிந்துகொள்ளுங்கள்: பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013, சம்பளம் இல்லாத தன்னார்வலரையும் காக்கிறது. பத்து பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் அமைப்பில் புகார்க் குழு இருந்தாக வேண்டும்.

வேலையை விட்டு முழுநேர ஊழியத்துக்குப் போகலாமா?

அவசரப்படாதீர்கள். பவுல் கூடாரம் செய்துகொண்டே ஊழியம் செய்தார். செய்ய நினைக்கும் ஊழியத்தை வேலையில் இருந்தபடியே ஒரு வருடமாவது செய்து பாருங்கள். கடன் முழுதும் தீரட்டும். ஆறு மாதச் செலவுக்குப் பணம் கையில் இருக்கட்டும். சேரப்போகும் அமைப்பின் பணிநியமனக் கடிதத்தில் மாதப்படி, வருங்கால வைப்புநிதி, மருத்துவச் செலவு, விடுப்பு, தங்குமிடம், யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் ஆகியவை எழுத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். "ஆண்டவர் பார்த்துக்கொள்வார், இதையெல்லாம் ஏன் கேட்கிறீர்கள்" என்று சொல்லும் இடத்தில் சேராதீர்கள். மணமாகாதவர் என்பதற்காகக் குறைவாகக் கொடுக்கும் பழக்கமும் உண்டு. அவருக்கும் பெற்றோர் உண்டு, முதுமை உண்டு.

பணத்தை எப்படி ஒழுங்குபடுத்துவது?

மாதம் 30,000 ரூபாய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தசமபாகம் 3,000, பெற்றோருக்கு 6,000, வாடகை, சாப்பாடு, போக்குவரத்து 13,000, சேமிப்பும் ஓய்வூதியமும் 5,000, மருத்துவக் காப்பீடு 1,000, விருந்தோம்பலுக்கும் திடீர் உதவிக்கும் 2,000. எண்கள் ஆளுக்கு ஆள் மாறும். பட்டியலில் ஓய்வூதியம் மட்டும் காணாமல் போகக்கூடாது. சம்பளத்தில் வைப்புநிதி பிடிக்காத ஊழியர்கள் தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் தாங்களே கணக்குத் தொடங்கலாம். மருத்துவக் காப்பீட்டை நோய் வருமுன் எடுங்கள்; ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று வருடம்வரை காத்திருப்புக் காலம் வைக்க நிறுவனங்களுக்கு அனுமதி உண்டு.

தனியாக இருப்பவரிடம்தான் கைமாற்றும் ஜாமீனும் அதிகம் கேட்பார்கள். கொடுக்க முடிந்ததைத் திரும்ப வராது என்று நினைத்தே கொடுங்கள். ஜாமீன் கையெழுத்து வேண்டாம். நீதிமொழிகள் 22:26 சொல்வது அதைத்தான்.

பண்டிகை நாட்களில் தனிமை தாங்க முடியவில்லை.

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து, எல்லாரும் குடும்பம் குடும்பமாக வண்டி ஏறிப் போனபின் பூட்டிய வீட்டைத் திறப்பது எவ்வளவு கனமான காரியம் என்று அனுபவிக்கிறவர்களுக்குத் தெரியும். யாராவது கூப்பிடுவார்கள் என்று காத்திருக்காதீர்கள். நவம்பர் கடைசியிலேயே முடிவுசெய்து, நீங்களே நாலு பேரைக் கூப்பிடுங்கள்: ஊருக்குப் போகாத விடுதி மாணவர், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் முதியவர், வடக்கிலிருந்து வேலைக்கு வந்த தம்பி. பிரியாணிதான் வேண்டும் என்பதில்லை, இட்லியும் கறிக்குழம்பும் போதும்.

மற்ற நாட்களுக்கு, மணமாகாதவருக்கு வீடு தர மறுக்கும் ஊர்களில் இரண்டு மூன்று விசுவாசிகள் சேர்ந்து ஒரு வீடு எடுப்பது நல்லது. ஒப்பந்தத்தில் எல்லார் பெயரும் இருக்கட்டும். சமையல் முறை, விருந்தினர், விளக்கணைக்கும் நேரம் ஆகியவற்றை முதல் வாரத்திலேயே பேசிவிடுங்கள். கூட்டு வீடுகள் உடைவது உபதேச வேறுபாட்டால் இல்லை, கழுவாத பாத்திரத்தால்.

வயதானபின்? எனக்குப் பிறகு?

ஏமி கார்மைக்கேல் 1931-இல் கீழே விழுந்து அடிபட்டபின், 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் தன் அறையிலேயே இருந்தார். எழுத்தும் ஜெபமும் அங்கிருந்தே தொடர்ந்தன. அவரைப் பார்த்துக்கொள்ள அவர் வளர்த்த பிள்ளைகள் இருந்தார்கள். இன்று இளையவர்களுக்கு நேரம் கொடுப்பது கணக்குப் பார்த்துச் செய்வதில்லை என்றாலும், முதுமையில் அவர்கள்தான் வந்து நிற்பார்கள். நாற்பது வயதுக்குள், ஆபத்தில் மருத்துவமனை அழைக்க வேண்டிய இருவரின் பெயரை எழுதிப் பணப்பையில் வையுங்கள். வங்கி, காப்பீட்டு ஆவணங்கள் எங்கே இருக்கின்றன என்று அவர்களில் ஒருவருக்குத் தெரியட்டும்.

உயில் எழுதுங்கள். இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925-இன்படி, மணமாகாத, பிள்ளைகள் இல்லாத கிறிஸ்தவர் உயில் இல்லாமல் இறந்தால், தகப்பன் உயிரோடு இருந்தால் எல்லாம் அவருக்கே. தகப்பன் இல்லையென்றால் தாயும் உடன்பிறந்தாரும் சமமாகப் பங்கிடுவர். உங்களோடு இருபது வருடம் ஒரே வீட்டில் இருந்த தோழிக்கோ, நீங்கள் படிக்கவைத்த பிள்ளைக்கோ, சபைக்கோ ஒன்றும் போகாது. வங்கியில் நாமினியாகப் பெயர் கொடுத்தாலும் அவர் பணத்தை வாங்கி வாரிசுகளிடம் சேர்க்கிறவரே.

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. வெள்ளைத்தாளில் தெளிவாக எழுதி, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் நீங்கள் கையெழுத்துப் போட்டு, அவர்களும் போட வேண்டும். சொத்துப் பெறப்போகிறவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சியாக இருக்கக்கூடாது. இருந்தால் அவருக்கு எழுதியது செல்லாது. பதிவு கட்டாயமில்லை, ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தால் பின்னால் வழக்கு குறையும். சபைக்கோ தர்மத்துக்கோ எழுதக் கிறிஸ்தவர்களுக்கு முன்பு இருந்த 118-ஆம் பிரிவின் தடையை உச்ச நீதிமன்றம் 2003-இல் நீக்கிவிட்டது. பின்னால் உங்களுக்குத் திருமணம் அமைந்தால், அந்த நாளோடு பழைய உயில் ரத்தாகும். புதிதாக எழுத வேண்டும்.